ட்றாம்காரரின் வலது கால்

கொழும்பில் ட்றாம் வண்டிகளை நிறுத்தியது அறுபதாம் ஆண்டு. அந்த ஆண்டே தம்பிஐயா சொந்த ஊரான கரவெட்டிக்கு வந்துவிட்டார். கூட ட்றாம் ஓட்டிய சிலர் மின்கம்பியில் ஓடும் றொலி பஸ்ஸுக்கு மாறினார்கள். அவர் மாறவில்லை. ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அகதியாகக் கப்பலேறி வந்த மனைவி பராசக்தி, இனிக் கொழும்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். தனியே சமைத்துச் சாப்பிட்டது போதும் என்று அவருக்கும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் ட்றாம் ஓடியதே இல்லை. நெல்லியடியில் தேத்தண்ணிக் கடை மேசையில் தண்ணீரால் கோடு கீறி அவர் விளங்கப்படுத்துவார். கோட்டையிலிருந்து ஒரு பாதை பொரளைக்கு, மற்றது கிராண்ட்பாஸுக்கு.

"றெயில் மாதிரியோ அண்ணை?" என்று கேட்டான் பிலிப்பு.

"றெயிலுக்குத் தனிப்பாதை. இது தெருவுக்கு நடுவாலை, சனத்துக்குள்ளாலை போறது."

"அப்ப ஆரும் குறுக்கை வந்தால்?"

"வலது காலுக்குக் கீழை மணி. மிதிச்சு மிதிச்சு அடிச்சால் சனம் விலகும். விலகாட்டில் கையாலை பிரேக்கைச் சுத்துவம். திருப்புறதுக்கு அங்கை ஒண்டும் இல்லை."

"நாங்கள் தண்டவாளம் போட்டுத் தாறம். பருத்தித்துறைக்கு ஒண்டு ஓட்டுங்கோவன்."

கடை முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. விடியற்காலையில் எழும்பி முகம் கழுவி, போக இடமில்லாமல் கிணற்றடியில் நிற்பார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் பராசக்தி தன் தம்பி மார்க்கண்டுவிடம் போனாள். அவன் ஓர் ஒஸ்ரின் காரை வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தான்.

"அத்தானுக்குக் கார் பழக்கிவிடு தம்பி. உனக்கும் கைமாத்த ஒரு ஆள்."

மார்க்கண்டு பொறுமையாகப் பழக்கினான். தம்பிஐயா லைசென்சும் எடுத்தார். ஆனாலும் வளைவு வந்தால் அவருக்கு நெற்றி வியர்த்துவிடும். "எந்தப் பக்கம் போறதெண்டு நானெல்லோ யோசிக்கவேண்டிக் கிடக்கு" என்பார். மார்க்கண்டு சிரிப்பான். "கார் எண்டால் அதுதானே அத்தான்."

அடுத்த மாசியில் அச்சுவேலியில் ஒரு கலியாணம். மார்க்கண்டுவுக்குக் காய்ச்சல். தம்பிஐயாதான் காரை எடுத்தார். பராசக்தி பக்கத்தில் இருந்தாள். புதுச் சேலை கசங்காமல் மடியில் கையை வைத்திருந்தாள். ஒரு வளைவுக்குக் கிட்ட, தலையில் ஆட்டுக்கு வெட்டிய குழைக்கட்டோடு ஒரு மனுஷி தெருவுக்குக் குறுக்கே இறங்கினாள்.

தம்பிஐயாவின் வலது கால் உயர்ந்து கீழே மிதித்தது. மறுபடியும் மிதித்தது. மிதித்த ஒவ்வொரு முறையும் கார் முன்னால் பாய்ந்தது. வலது கை ஸ்ரியறிங்கை விட்டுவிட்டு, வெறும் காற்றில் எதையோ சுற்றியது. கொழும்பில் எத்தனையோ தரம் ட்றாமில் அவருக்குப் பின்னால் நின்று பயணம் செய்தவள் பராசக்தி. அந்தக் காலையும் அந்தக் கையையும் அவளுக்குத் தெரியும்.

மனுஷி குழைக்கட்டைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் பாய்ந்து தப்பினாள். தெரு வளைந்தது, கார் வளையவில்லை. நேரே போய்ப் பனையில் மோதியது.

பராசக்திக்குக் கை முறிந்தது. தம்பிஐயா அந்த இடத்திலேயே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் மரண விசாரணை நடந்தது. அதற்குள் ஊர் கதைக்கத் தொடங்கியிருந்தது. மார்க்கண்டு பிரேக் இல்லாத காரைக் கொடுத்து அத்தானைக் கொன்றுபோட்டானாம். முன்பக்கம் முழுவதும் நசுங்கிக் கிடந்ததால் பிரேக்கைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். விசாரணை அதிகாரி மார்க்கண்டுவைக் கேட்டார். அவன் காய்ச்சல் மாறாத முகத்தோடு எழும்பி நின்றான்.

"ஓம் ஐயா. பிரேக் பிடிக்கிறது குறைவு. எனக்கு முந்தியே தெரியும்."

பராசக்தி திடுக்கிட்டாள். அது பொய். நடந்ததை அவள் அவனுக்கு மட்டும் சொல்லியிருந்தாள். விபத்துக்கு முதல் நாள்தான் அவன் பிரேக்கைக் கழற்றிச் சரிபார்த்துப் பூட்டியிருந்தான். அவளே விளக்குப் பிடித்தவள். இப்படிச் சொன்னால் அவனை மறியலில் அடைத்துவிடுவார்கள். அவனுக்குத் தவழ்கிற பிள்ளை ஒன்று, வயிற்றில் ஒன்று.

"இல்லை ஐயா" என்றாள். "பிரேக் நல்லாயிருந்தது. இவர் பிரேக்கை மிதிக்கேல்லை."

"அப்ப எதை மிதிச்சவர்?"

"மணியை."

"காரிலை என்னம்மா மணி?"

அவள் சொன்னாள். ட்றாமைப் பற்றி, காலுக்குக் கீழே இருக்கும் மணியைப் பற்றி, கையால் சுற்றும் பிரேக்கைப் பற்றி. சொல்லச் சொல்ல, வாசலில் நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். சாரதியின் பிழை என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் மார்க்கண்டு அவளைப் பிடித்தான்.

"ஏன் அக்கா சொன்னனீ?"

"உன்னை மறியலிலை போடுவாங்களடா."

"போடட்டும். நான் உயிரோடை இருக்கிறன், தாங்குவன். நாளைக்கு ஊர் சிரிக்கேக்கை அத்தான் வந்து மறுமொழி சொல்லுவாரோ?"



ஊர் சிரித்தது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிவதற்குள் தம்பிஐயாவுக்கு 'மணியடிச்சார்' என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள் சைக்கிள் பழகி விழுந்தால்கூட, "மணியடிச்சியோ?" என்று கேட்டார்கள். மார்க்கண்டு சந்தையில் அதைச் சொல்லிச் சிரித்த பிலிப்புவுக்கு அடித்து, பொலிஸ் வரைக்கும் போய்வந்தான். பிறகு அவன் கை நீட்டவில்லை. தன் காரில் ஏறிய எவராவது அந்தக் கதையை எடுத்தால், எந்த இடமென்றாலும் காரை நிறுத்தி, கதவைத் திறந்துவிடுவான். ஆள் இறங்க வேண்டியதுதான்.

எண்பதாம் ஆண்டளவில் ஒருநாள் பராசக்தி அவனுடைய காரில் முன்னால் இருந்தாள். டொக்டரிடம் கண் காட்ட யாழ்ப்பாண நகருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஏறிய ஒரு இளந்தாரி, இவர்கள் யாரென்று தெரியாமல், பின்னால் இருந்த இன்னொரு பயணியிடம் கதைக்கத் தொடங்கினான்.

"உங்கடை பக்கத்திலை முந்தி ஒரு ட்றாம்காரர் இருந்தவராமே? காரிலை மணியடிச்சவராம்..."

வல்லை வெளியில், நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடத்தில் மார்க்கண்டு காரை நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின் கதவில் கை வைத்தான்.

"விடு தம்பி" என்றாள் பராசக்தி.

"அக்கா, நீ பேசாமல் இரு."

"சொல்லட்டும். இல்லாட்டி இனி ஆர் அவரைப் பற்றிக் கதைக்கப் போகினம்?"

மார்க்கண்டு கதவிலிருந்து கையை விலக்கினான். பிறகு வந்து காரை எடுத்தான். இளந்தாரி கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டான். அவன் கதையைத் தொடர்வான் என்று பராசக்தி பாதித் தூரம்வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு பின்னால் அவனுடைய பக்கம் திரும்பி, "பிறகு என்ன நடந்ததாம், தம்பி?" என்று கேட்டாள்.