மாநில அரசு எதிர் வலது கால்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மாநிலத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் ஆளைச் சிறையில் போடுவதில்லை. குற்றம் செய்த உறுப்பை மட்டும் கழற்றி ஆறு மாதம் உள்ளே வைப்பார்கள். எந்த உறுப்பு என்பதை ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்ற முடியாது.

நான் வலது காலைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நண்பர் வீட்டில் புதுமனை விருந்து. என் மனைவி பூங்கோதைக்கு அன்று மருத்துவமனையில் வேலை, அதனால் தனியாகப் போயிருந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, நானேதான் மூன்று கிளாஸ் விஸ்கி குடித்தேன். திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு முன்னால், சாலையோரம் இருந்த திருமதி ஹோல்கம்பின் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தேன்.

வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். கருவியில் ஊதச் சொன்னார். சட்டம் விட்டுக்கொடுக்கும் அளவைத் தாண்டியிருந்தது. கோட்டின் மேல் ஒன்பது அடி நடக்கச் சொன்னார். ஏழாவது அடியில் நான் புல்தரையில் இருந்தேன். பிறகு படிவத்தை எடுத்து, “எந்த உறுப்பு?” என்றார்.

“கால்தான் சார். வலது கால். நான் ஒன்றும் பண்ணவில்லை, அதுதான் மிதித்தது.”

இப்படித்தான் நாற்பத்தாறு வருடம் கூடவே இருந்ததை ஒரு நிமிடத்தில் போட்டுக்கொடுத்தேன். ஷூவோடு சேர்த்துக் கழற்றிக்கொண்டார்கள். வலிக்கவில்லை.

பதிலுக்கு ஒரு தற்காலிகக் கால் தந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அரசுக்கு எழுதிக்கொடுத்த கால். நன்றாக நடக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். கடைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இதில் கவலை ஒன்றுதான். ஆறு மாதம் முடிந்ததும் நீதிபதி காலைக் கேட்பார், திரும்பிப் போக விருப்பமா என்று. விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்த மாட்டார்கள். போன வருடம் ஒருவருடைய கால் நடனப் பள்ளியில் சேர்ந்துவிட்டது. அவர் இன்னமும் தற்காலிகத்தில்தான் காலம் தள்ளுகிறார்.

சனிக்கிழமைதோறும் உறுப்புகளை அடைத்து வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போவேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டின் மேல் என் கால் இருக்கும். குடியின் தீமைகள் பற்றிய பன்னிரண்டு வார வகுப்புக்கு அது ஒழுங்காகப் போய்வருவதாகச் சொன்னார்கள். “உன்னால்தான் இவ்வளவும்” என்று அதனிடம் சொல்வேன். அது குதிகாலைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

பூங்கோதையிடம் சொன்னேன், ரொம்பத் திமிர் பிடித்துவிட்டது என்று. அவள் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்:

“ஏனுங்க, இத்தன வருசமா உங்களச் சொமந்துட்டுத் திரிஞ்சுதுங்க. போலீசப் பாத்ததும் அத மாட்டி உட்டுட்டு நீங்க பாட்டுக்கு வந்துட்டீங்க. அது திரும்பிக்காம என்னுங்க பண்ணும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காம் மாதம் ஒரு நாள் மாலை, தபால்காரர் கால் வழக்கம்போலத் திருமதி ஹோல்கம்பின் வாசலில் நின்றது. நூறு நாளாக அங்கே நின்றும் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அன்று அவர் புதுத் தபால் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும்.

“மன்னித்துவிடுங்கள்” என்றேன். மூன்று மாதம் தாமதம்.

“பெட்டி போனால் போகிறது. அன்றைக்கு நான் அதற்குப் பின்னால் குனிந்திருந்தேன். கீழே விழுந்த கடிதத்தை எடுக்க” என்றார். பிறகு பிரஷ்ஷால் சாலையைக் காட்டினார். டயர் தேய்ந்த கறுப்புத் தடம் இரண்டு, பெட்டிக்குச் சரியாக ஒரு முழம் தாண்டி நின்றிருந்தது. “நல்ல வேளை, பிரேக் போட்டீர்கள்.”

நான் போடவில்லை. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன். கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விழித்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை காப்பகத்தில் கண்ணாடியைத் திறக்க அனுமதி கேட்டேன். காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் தடவினேன், நகம் வெட்டினேன். “ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய். என்னையும்தான். ரொம்ப நன்றி. நான் சொன்னது பொய்” என்றேன். அது திரும்பிக்கொள்ளவில்லை. வேறு ஒன்றும் செய்யவில்லை. அடுத்த எட்டுச் சனிக்கிழமையும் அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை நாளன்று தரையில் இரண்டு பாய் விரித்திருந்தார்கள். ஒன்று வாசல் பக்கம், ஒன்று என் பக்கம். நீதிபதி, “உங்கள் விருப்பம்” என்று காலைப் பார்த்துச் சொன்னார். பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் வாசல் பக்கம் நான்கு தாவு தாவியது. அங்கே நின்று வெளியே பார்த்தது. வெளியே நல்ல வெயில். போகட்டும், அதற்கு அந்த உரிமை உண்டு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் பொய் இல்லை.

பிறகு அது திரும்பி, நிதானமாக வந்து, என் இடது காலின் பக்கத்தில் நின்றுகொண்டது. நான் அழுதேன். நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

கீழே கவுண்டரில் தபால்காரர் காலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் காலைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்த என் வலது கை கையெழுத்துப் போடவில்லை. படிவத்தைப் புரட்டி, குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் ‘வலது கை’ என்று எழுதியது. காரணம் என்ற இடத்தில் ‘கிளாஸை எடுத்தது நான்’ என்று எழுதியது.

கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டு முத்திரை குத்தினாள். “கைக்கு ஒன்பது மாதம்” என்றாள்.

“மோதரத்தக் கழட்டிக் குடுங்க” என்றாள் பூங்கோதை.

என் கை போய் அதே துண்டின் மேல் படுத்துக்கொண்டது. பதிலுக்கு வந்தது, பள்ளிக்கூட வாசலில் இருபது வருடம் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்கவைத்த ஒருவருடைய கை.

திரும்பும்போது பூங்கோதை ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில், வீட்டுக்கு நான்கு வீடு முன்னால், என் வலது கால் பிரேக் எதுவும் இல்லாத வெறும் தரையை மெல்ல அழுத்தியது. கார் நின்றது. புதுக் கை எழுந்து, எதிரே வந்த லாரியை நிறுத்தியது.

திருமதி ஹோல்கம்ப் கடிதங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தபடியே சாலையைக் கடந்தார்.