வேலை பழசு, அட்டை புதுசு

விடிந்தும் விடியாத நேரத்தில் ஷூ கம்பெனியின் பசைக் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் மூக்கைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். சூடேறிய பசையின் நெடி தொண்டை வழியாக இறங்கி, வயிற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மர அச்சில் மாட்டிய மேல்தோல்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். இடது கையால் எடுத்து, வலது கையிலுள்ள பிரஷ்ஷால் விளிம்போரம் ஒரே இழுப்பாகப் பசை தடவி, சூட்டுப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். இழுப்பு நடுவில் நின்றால் பசை திரளும். திரண்டால் அடித்தோல் ஒட்டாது. ஒட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பசையக்கா இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வாள். அந்த நெடியில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

"பசையுள்ள பார்ட்டி வருது, வழி விடுங்கப்பா" என்று கூடமே அவளைக் கிண்டல் செய்யும். அவளிடம் இருந்த பசையெல்லாம் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது மட்டும்தான்.

இந்த ஊரில் முன்பு ஒரு நூல் ஆலை இருந்தது. அதை மூடியதும் ஊரே படுத்துவிட்டது. கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. பஸ்கூட ஊருக்குள் வராமல் பெரிய ரோட்டோடு போனது. அப்போதுதான் ஜனங்கள் வெயிலில் நின்று, "புது வேலை கொடு" என்று கத்தினார்கள். ஆலைச் சுவரிலும் அதையே கொட்டை எழுத்தில் எழுதினார்கள். அந்தச் சுண்ணாம்பு வாளியைப் பிடித்திருந்ததும் பசையக்காதான். சர்க்கார் அதிசயமாகக் காது கொடுத்தது. நலிந்த ஊருக்கு வந்து புது வேலை கொடுக்கும் கம்பெனி சில வருஷங்களுக்கு வரி கட்ட வேண்டாம் என்று சட்டம் போட்டது. ஷூ கம்பெனி வந்தது. கழுத்தில் பச்சை அட்டையை மாட்டிவிட்டபோது பசையக்கா அழுதாள். பொய் சொல்வானேன், அன்றைக்கு ஊரே அழுதது.

சலுகை முடிகிற வருஷம், முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயர்ப் பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். திங்கட்கிழமை எல்லோருக்கும் நீல அட்டை. பெல்ட் அதே பெல்ட், ஒழுகும் கூரையும் அதேதான். ஆனால் காகிதத்தில் இது புதுக் கம்பெனி, உள்ளே இருப்பதெல்லாம் புது வேலை, செய்கிறவர்கள் புது ஆட்கள். அதனால் முதலாளிக்கு மறுபடி வரி கிடையாது. புது ஆளுக்குப் புது ஆள் சம்பளம்தானே? அதையும் குறைத்தார். பழைய கள், புது மொந்தை. வரி வராத நகரசபை தெருவிளக்கைக்கூட மாற்றவில்லை. கேட்டால், கம்பெனி வந்ததே பெரிசு, வாயை மூடு என்றார்கள். எந்த வார்த்தையைக் கத்திக் கேட்டார்களோ, அந்த வார்த்தையே கழுத்துக்குச் சுருக்காக வந்து விழுந்தது.

இப்போது நீல அட்டைக்கும் காலம் முடிந்துவிட்டது. மஞ்சள் அட்டை அச்சாகி வந்து ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருந்தது.

இந்த முறை பசையக்காவுக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. அவள் புருஷனின் தங்கை, அதே கூடத்தில் அடித்தோல் அழுத்துகிற மெஷினில் நின்றவள், போன மழைக்காலத்தில் கையைக் கொடுத்துவிட்டாள். மெஷினின் தடுப்புக் கம்பி உடைந்து, கயிற்றால் கட்டியிருந்தார்கள். கயிறு அறுந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த முதலாளி, கம்பெனி கைவிடாது, நஷ்டஈடு வரும் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் அவர் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை வரி அதிகாரி வர்றார். யார் கேட்டாலும், நாங்க புதுசா சேர்ந்திருக்கோம்னு சொல்லுங்க. நீங்களும் பிழைக்கணும், நானும் பிழைக்கணும்."

"சார், என் நாத்தனார் கைக்கு ஒரு வழி சொன்னீங்களே?" என்றாள் பசையக்கா.

"அது பழைய கம்பெனியில நடந்ததும்மா. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல. இல்லாத கம்பெனிகிட்ட நான் எங்க போய் வாங்குறது?"

"அந்தக் கம்பெனியும் நீங்கதானே சார்?"

முதலாளி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சட்டத்துல அப்படி இல்லம்மா. இன்னொன்னும் சொல்லிடறேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இதைவிட அதிக வருஷத்துக்கு வரியே வேண்டாம்னு வருந்தி வருந்திக் கூப்பிடறாங்க. நான் மூட்டை கட்டினா நஷ்டம் எனக்கில்ல."

எல்லோர் கண்ணிலும் இறங்கிய ஷட்டர்கள்தான் தெரிந்தன.

அன்று சாயங்காலம் பசையக்கா உலையில் அரிசியைப் போடாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுசு என்று சொன்னால் நாத்தனாரின் கை யாருக்கும் சொந்தமில்லாத கையாகிவிடும். பழசு என்று சொன்னால் கம்பெனி போய்விடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. ஆலை மூடிய நாளிலிருந்து இருமலோடு வீட்டில் கிடந்த புருஷன், ஊரோடு ஒத்துப் போ என்றான். அவன் குரலிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை.

இடது கையால் தலை சீவிப் பழகிக்கொண்டிருந்த நாத்தனார் சட்டென்று சிரித்தாள்.

"அண்ணி, புதுசா சேர்ந்தவளுக்கு வேலை தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்ப திங்கக்கிழமை உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

பசையக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அரிசியைப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எரியாத விளக்குக் கம்பங்களுக்குக் கீழே வீடு வீடாகப் போனாள். சிலர் கதவை முழுதாகத் திறக்கவில்லை. தையல் மெஷின்காரி, தன் பிள்ளைகள் வயிற்றில் யார் பசை தடவுவது என்று கேட்டாள். பசையக்கா, பயமாகத்தான் இருக்கிறது, எனக்கும்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் மஞ்சள் அட்டைகள் வந்தன. எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். மணி அடித்தது, பெல்ட் ஓடியது. மேல்தோல்கள் வந்தன, தொடுவாரில்லாமல் அப்படியே போய்க் கடைசியில் குவிந்தன. பசையக்கா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பிரஷ்ஷைப் பார்க்காமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. அவள் கை தானாக எழுந்தது, அடக்கினாள். வரிசையின் கோடியில் தையல் மெஷின்காரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் மெஷினும் ஓடவில்லை.

முதலாளி ஓடி வந்தார். "என்னம்மா இது?"

"நாங்க புதுசு சார். வேலை தெரியாது. சொல்லிக்குடுங்க."

அவர் அடுத்தவளைப் பார்த்தார். அவளும் புதுசு என்றாள். அதற்கடுத்தவள் பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து, இது எதுக்குங்க சார் என்று கேட்டாள். எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. முதலாளிக்கு முகம் சிவந்தது.

"விளையாடுறீங்களா? இத்தனை வருஷமா இதே இடத்துல இதே வேலையைச் செஞ்சவங்களுக்கு இன்னிக்கு மறந்துபோச்சா?"

அவருக்குப் பின்னால், கதவருகே, வரி அதிகாரி வந்து நின்றிருந்தார். முதலாளி திரும்பிப் பார்த்தபோது சொன்னதை விழுங்க முடியவில்லை.

அதிகாரி பசையக்காவிடம் வந்தார். "எத்தனை வருஷமாம்மா? நீங்க புதுசா, பழசா?"

பசையக்காவுக்கு ஷட்டர்களும் நாத்தனாரின் கையும் கண்ணுக்குள் மாறி மாறி வந்தன.

"வேலை பழசுங்க. அட்டைதான் புதுசு," என்றாள். "எங்களுக்காகத்தானே சார் வரியை விட்டுக்குடுத்தீங்க? அது எங்க வந்து சேர்ந்துச்சுன்னு எங்க தெருவுல வந்து பாருங்க. கம்பெனி போகணும்னு நாங்க கேக்கல. அது எங்களை ஞாபகம் வெச்சுக்கணும். என் நாத்தனார் கையை ஞாபகம் வெச்சுக்கணும்."

"வேலை பழசுங்க," என்றாள் பக்கத்திலிருந்தவள். அந்த வார்த்தை பெல்ட் ஓடிய திசையில் ஒவ்வொரு வாயாகப் போனது. தையல் மெஷின்காரி அதைக் கடைசியாக, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

அதிகாரி ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணை எப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும்? முதலாளி மின்சாரத்தை நிறுத்தி எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அடுத்த மாசம் அக்கரையில்தான் கம்பெனி, நீங்கள் இங்கே காற்றைக் குடியுங்கள் என்று கத்தினார்.

வெளியே கேட்டருகே நாத்தனார் காத்திருந்தாள். "என்ன அண்ணி ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகல," என்றாள் பசையக்கா. "ஆத்தைத் தாண்டிடுவாராம்."

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தையல் மெஷின்காரி தன் அண்ணனை அக்கரையில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அண்ணன் அங்கே பெண் எடுத்திருப்பதாகத் திருத்தினாள். அந்த நிலையிலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அங்கேயும் ஜனங்கள் புது வேலை கேட்டுச் சுவரில் எழுதியிருக்கிறார்களாம்.

பசையக்கா மஞ்சள் அட்டையைக் கழற்றினாள். பையின் அடியில் துழாவி, ஓரம் கிழிந்த பழைய பச்சை அட்டையை எடுத்தாள். இத்தனை வருஷமும் அதைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இக்கரைக்கு அக்கரை பச்சைங்கிறது சும்மா இல்ல," என்றாள். "அவங்களுக்கும் முதல்ல பச்சைதான் குடுப்பார். அடுத்தது என்ன நிறம்னு நாமதான் போய்ச் சொல்லணும்."

நாத்தனார் மீதியிருந்த விரல்களால் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் ஆற்றுப் பாலத்தைப் பார்த்து நடந்தது.