ஸ்பீக்கர் போட்டால் மட்டும்

ஒரு பொருள் கெட்டுப்போனால் அதைப் பிரித்துப் பார்க்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. தையல் மெஷினை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். மிக்சியை அப்படித்தான் கொன்றேன். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாலே, "இன்னைக்கு யாருக்குக் கடைசி நாள்?" என்று கேட்பார்.

என் தையல் கடையில் சிக்னல் இழுத்துக்கொண்டே இருந்ததால் வேறு கம்பெனி சிம் வாங்கினேன். அதை மாற்றுவதற்கு யாரிடமும் போய் நிற்கவில்லை. சிம் தட்டைத் திறக்கும் குச்சி எப்போதோ தொலைந்துவிட்டது. தையல்காரியிடம் ஊசிக்கா பஞ்சம்? ஒரு ஊசியை எடுத்துக் குத்தினேன். தட்டு அசையவில்லை. வீம்பாக இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அப்போதும் வரவில்லை. சற்றுத் தள்ளிக் குத்தியதும் டப்பென்று வெளியே வந்தது. இதற்குப் போய்ப் போன் கடையில் காசு கேட்கிறார்களே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே வாரம் தம்பி கூப்பிட்டான். அவன் வேறு ஊரில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். கடையில் எனக்கு இரண்டு கையும் துணியில் இருக்கும் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துத்தான் பேசுவேன்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். தனியா இருக்கியா?"

"இரு, வெளியே வர்றேன்" என்று சொல்லி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினேன்.

அவன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறானாம். அவளுக்கு முதல் கல்யாணம் முறிந்துவிட்டது, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. "நீ சரின்னு சொன்னாத்தான்க்கா. நீ வேண்டாம்னா எனக்கு எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும்" என்றான். குரல் நடுங்கியது. கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிறவனுக்கு அக்காவிடம் பேச நடுக்கம்!

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷ அழுகைதான். இவன் தனியாக ஹோட்டல் சாப்பாட்டைத் தின்றுகொண்டு கிடக்கிறானே என்று நான் கும்பிடாத சாமி இல்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில், "ஆனா ஒண்ணுடா, அந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தேன்.

"புரியுதுக்கா. விடு" என்றான். வைத்துவிட்டான்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு 'ஆனா' சொல்லக்கூட இந்த அக்காவுக்கு உரிமை இல்லையா? திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்றால் என் விரலுக்கு அந்த எழுத்துகள் அடங்காது. வாய்ஸ் மெசேஜில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவனை மட்டுமா? முகம் பார்க்காத அவளையும் சேர்த்து, "வர்றதுக்கு முன்னாடியே உன்னை இப்படி ஆட்டி வைக்கிறாளா?" என்று மூச்சு வாங்கும்வரை பேசினேன். அவன் கேட்டதற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டினேன். ஆனால் அன்றிலிருந்து நான் வெட்டிய துணியெல்லாம் கோணல்தான்.

இப்படி இருக்கும்போது வீட்டுக்காரர் ஒருநாள் வெறும் கையோடு வந்து நின்றார். கடையிலிருந்து நடந்து வரும் வழியில், பிரெட் வாங்கி வரச் சொல்லிப் போன் செய்திருந்தேன்.

"பிரெட் எங்கே?"

"எந்த பிரெட்? போன் பண்ணிட்டு ஊமை மாதிரி இருந்தே. ஹலோ ஹலோன்னு கத்திட்டு வெச்சுட்டேன்."

"நான் சத்தமா சொன்னேங்க."

"சத்தமா பேசாம நீ எப்ப இருந்திருக்கே? அதான் எனக்கே பயமாப் போச்சு."

சிரித்தேன், ஆனால் உள்ளே ஒன்று அரித்தது. கடையிலிருந்து பேசினால் எல்லோருக்கும் கேட்கிறது. வழியில் பேசினால் ஏன் கேட்கவில்லை? புது சிம் சரியில்லையோ? போனை அணைத்துப் போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். யாரோ வீடியோவில் சொன்னார் என்று நெட்வொர்க் செட்டிங்கை எல்லாம் அழித்தேன். வைஃபை பாஸ்வேர்டு போனதுதான் மிச்சம்.

மறுநாள் காலையில் அவரைப் படுக்கையறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நான் குளியலறைக்குள் போய்க் கூப்பிட்டேன்.

"கேட்குதா?"

"போன்ல கேட்கல. சுவர் வழியா நல்லாக் கேட்குது."

குரலைத் தாழ்த்திப் பேசினேன். ஒன்றும் இல்லை என்றார். இயர்போன் வயரைச் சொருகிப் பேசினேன், கேட்டது. வயரைப் பிடுங்கினேன், போய்விட்டது. ஸ்பீக்கரில் போட்டேன், மணி அடித்த மாதிரி கேட்கிறது என்றார். ஸ்பீக்கரை அணைத்தேன், மறுபடி ஊமை. எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுவென்று இருந்தது. அப்படியென்றால் இந்த டப்பாவுக்குக் காது ஒன்று இல்லை, இரண்டு! காதில் வைத்துப் பேசினால் ஒன்று, ஸ்பீக்கர் போட்டால் இன்னொன்று. இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தும் எனக்கு இது தெரியாது.

"ஏங்க, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று உள்ளேயிருந்து என்னைப்போலவே பேசிக் காட்டினார். நான் காதில் வாங்கவில்லை. ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துப் போனின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சிம் தட்டில் ஒரு துளை. அதற்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னொரு துளை. அதன் ஓரத்தில் ஊசி கீறிய தடம் பளபளவென்று மின்னியது. முதலில் நான் வீம்பாகக் குத்தியது தட்டை இல்லை, மைக்கை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் கைதட்டப் போனேன். அப்போதுதான் படிக்கட்டு ஞாபகம் வந்தது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தானே அங்கே ஓடினேன்?

தம்பிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. இருமல்கூட இல்லை. முடியும்வரை காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டேன். 'நீ வேண்டாம்னா' என்று அவன் சொன்னதற்கு அக்கா கொடுத்த பதில் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கடைக்குப் போனதும், அடங்காத விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன்: 'மைக் செத்துப்போச்சு. நான் பேசினது எதுவும் உனக்கு வரல. கூப்பிடு.'

கூப்பிட்டான். எப்போது? கடை நிரம்பி வழியும்போது. பேண்ட்டை அடி மடிக்க வந்த செக்யூரிட்டிக்காரர், கோட்டுக்குப் பட்டன் வைக்க வந்த நர்ஸம்மா, இன்னும் இரண்டு பேர். ஸ்பீக்கர் போட்டால்தான் என் குரல் போகும். படிக்கட்டில் போய்ப் போட்டால் நாலு மாடிக்கும் கேட்கும், அதற்குக் கடையே மேல். போனை மேஜைமேல் வைத்தேன்.

"அக்கா, இப்ப பேசுறியா?"

"பேசுறேன்டா. கேட்குதா?"

"கேட்குது. நீ பேசப் பிடிக்காம அமைதியா இருந்தேன்னு நினைச்சேன்க்கா. அப்புறம் அந்த மெசேஜ் வேற. கை தவறி வந்திருக்கும்னு நான் சொன்னேன். இவதான், 'இல்ல, அக்கா அழுதிருப்பாங்க, பேச வந்திருக்காது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. அதுல என்னதான்க்கா சொன்னே?"

செக்யூரிட்டிக்காரர் பேண்ட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆசீர்வாதம் என்று புளுகியிருக்கலாம். எனக்காகப் பரிந்து பேசியவளை நினைத்ததும் வாய் வரவில்லை.

"திட்டினேன்டா. உன்னையும் திட்டினேன், பாவம் அவளையும் திட்டினேன்."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெண் குரல் களுக்கென்று சிரித்தது. "நல்லவேளை வரலக்கா" என்றது. அங்கேயும் ஸ்பீக்கர்தான் போலிருக்கிறது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அன்னைக்கு வெளியே போய் என்ன சொன்னே?" என்றான் தம்பி.

அழுகையோடு கொட்டியதை மறுபடி எப்படிக் கொட்டுவது? அதுவும் நாலு பேர் வாய் பார்த்துக்கொண்டிருக்கும்போது? "சரின்னு சொன்னேன். எனக்கு ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். ஆனா ஒண்ணுடா, அதைச் சொல்றதுக்குள்ளதான் நீ வெச்சுட்டே."

"என்னது அது?"

"அந்தக் குழந்தை என்னை ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடக் கூடாது. நான் அதுக்கு அத்தை. முதல் நாள்லேர்ந்தே அத்தை."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இருக்கிற ஒரு மைக்கும் போய்விட்டதா? போனைத் தூக்கித் திரையைப் பார்த்தேன், ஸ்பீக்கர் படம் எரிந்துகொண்டுதான் இருந்தது. தம்பி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ குசுகுசுவென்று பேசினார்கள். போன் கை மாறியது.

"அத்தை" என்றது ஒரு சின்னக் குரல். "நீங்க கவுன் தைப்பீங்களாமே. எனக்குப் பாக்கெட் வெச்சு வேணும்."

"எத்தனை பாக்கெட் வேணும் கண்ணு?" என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது. ஸ்பீக்கரில் அது நன்றாகவே கேட்டிருக்கும், கேட்கட்டும்.