கல் வைக்காத இடம்

கணக்கெடுக்க வந்த பெண் கல்லறைக் கல்லின் மேல் தண்ணீரைத் தெளித்து, கைக்கண்ணாடியால் வெயிலைச் சாய்வாக அடித்தபோது, அதுவரை வெறும் பாசியாகத் தெரிந்த கல்லில் எழுத்துகள் மெல்ல எழுந்து வந்தன. தையல்காரி வாய்விட்டுப் படித்தாள். மாமனாரின் பெயர், கீழே 'அன்பான கணவர்'. மாமியார் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், படம் எடுத்தாள், தலைமாட்டில் ஒரு சிவப்புக் கொடியைக் குத்தினாள். வருகிற மழைக்காலத்தில் புதிய அணையின் தண்ணீர் இந்த மேட்டையும் மூடிவிடும். அதற்குள் கொடி குத்திய கல்லறைகளைத் தோண்டி வேறு நிலத்துக்கு மாற்றிவிடுவார்கள். கொடி இல்லாதவை தண்ணீருக்கு.

சுற்றுச்சுவர் மேல் உட்காரவைத்திருந்த கணவனைத் தையல்காரி அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவர் கொத்தனார். ஊரில் பாதி வீடு அவர் கட்டியது. தன் குடும்பத்துக் கல்லறைகளில் பல கற்களை நட்டதும் அவர்தான். போன வருஷம் வந்த பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. சொல்வது அவருக்குப் புரிகிறதா இல்லையா என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை.

அவர் கல் நடாத இடம் ஒன்று இங்கே இருந்தது. கல்யாணமான புதிதில் பிறந்த பெண் குழந்தை. ஒரு தரம்கூட அழவில்லை. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயங்கிக் கிடந்தபோது, அவர் ஒருவராகத் துணியில் சுற்றி எடுத்துவந்து புதைத்துவிட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "நம்ம ஆளுங்க பக்கத்துலதான்" என்றார். கல் வைக்கலாமே என்றதற்கு, "பேரே வைக்கல. கல்லுல எதைச் செதுக்குறது?" என்று எழுந்து போய்விட்டார். அதன்பிறகு வேறு குழந்தையும் தங்கவில்லை. அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவுமில்லை. மண் எங்கே போய்விடப்போகிறது, என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் இருந்துவிட்டாள்.

"அவ்வளவுதானேம்மா?" என்றாள் கணக்கெடுக்க வந்த பெண்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. கல்லு கிடையாது."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் பேனாவை மூடினாள். "இடத்தைக் காட்டுங்க, எழுதிக்கறேன். இடம் தெரியலைன்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மேடு முழுக்கத் தோண்ட விடமாட்டாங்க."

தையல்காரி போய்க் கணவன் முன்னால் குந்தினாள். "பாப்பாவை எங்க வச்சீங்க? கையைக் காட்டுங்க, போதும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கை எழுந்து, அவருடைய அம்மாவின் கல்லறையை ஒட்டியிருந்த புல்திட்டை நேராகக் காட்டியது. கொடியைக் கேட்டு வாங்கித் தானே குத்தினாள்.

"பேரு என்னன்னு போடட்டும்?"

இத்தனை வருஷமாய் மனசுக்குள் மட்டுமே கூப்பிட்ட பெயர் நாக்குநுனி வரை வந்து நின்றது. "குழந்தைன்னே போடும்மா" என்றாள்.

அவரைத் தோளில் தாங்கி வாசல்வரை வந்தபோது அந்தக் கை மறுபடி எழுந்தது. அதே உறுதியோடு வாசல் தூணின் அடியைக் காட்டியது. கொஞ்ச தூரம் போனதும் பாதையோரத்து முள்புதரை. பின்னால் வந்த பெண் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் பையைச் சரிசெய்தாள். தையல்காரி அந்தக் கையைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். "சரி, வாங்க. வீட்டுக்குப் போகலாம்."

தோண்டுகிற அன்று அவள் மட்டும் வந்தாள். மற்றக் குழிகளில் எலும்பு, துருப்பிடித்த ஆணி, மக்கிய பலகை என்று ஏதோ ஒன்று கிடைத்தது, பெட்டிகளில் அள்ளிவைத்தார்கள். புல்திட்டில் இடுப்பளவு இறங்கிய பிறகு தோண்டுகிறவன் நிமிர்ந்தான். "மண்வெட்டியே படாத மண்ணும்மா இது. இங்க யாரும் எதையும் புதைக்கல."

அவள் தலையசைத்தாள்.

"ரெண்டு பிடி மண்ணாவது அள்ளிப் போடட்டுமா? மனசு ஆறும்."

"வேண்டாம்ப்பா. அது வெறும் மண்ணு."

காலியாக இருந்தாலும் குழந்தைக்கென்று கொண்டுவந்த பெட்டியை விட்டுவிட்டுப் போக முடியாதாம், கணக்கில் ஏறிவிட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்கும் மூடி போட்டு ஆணியடித்து, லாரியில் மாமியாரின் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். மேட்டிலிருந்து இறங்குகிற பாதை முழுக்கக் குண்டும் குழியும். பெரிய பெட்டிகள் அசையாமல் கிடந்தன. சின்னது மட்டும் லாரி குலுங்குகிற போதெல்லாம் எழும்பி எழும்பி விழுந்தது. லாரி வளைவில் மறைந்த பிறகும் பலகையில் பலகை இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.