பம்ளிமாஸ் சாறு

காலை எட்டு மணிக்கு அக்கா வந்து நின்றால்தான் தையல்காரர் மாத்திரை போடுவார். ஒரு கையில் மாத்திரை, மறு கையில், கொஞ்ச நாளாக, பெரிய சாத்துக்குடி போலிருக்கும் பம்ளிமாஸ் பழத்தின் சாறு. இரண்டு வருடத்துக்கு முன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தவள் அவள். கொடுத்ததோடு விட்டாளா? அதற்குக் காவலும் இருந்தாள்.

"வெறும் தண்ணியில முழுங்காதடா, வயிறு புண்ணாயிடும். உள்ள இருக்கறது என் சொத்து."

"சரிங்க ஓனரம்மா" என்று குடித்து வைப்பார் தம்பி.

சாறு ஆரம்பித்து மூன்று வாரம். தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கை நடுங்கியது. வெட்டிய துணி கோணிக்கொண்டு போனது. "கண்ணாடியை மாத்துடா" என்றாள் அக்கா. சாறு மட்டும் தவறாமல் வந்தது.

மாதாந்திர ரத்தப் பரிசோதனை முடிந்த அன்றே மருத்துவர் இருவரையும் அழைத்தார்.

"ரத்தத்துல மருந்து மூணு மடங்கு இருக்கு. மாத்திரையை அதிகமா போட்டீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான் எண்ணித்தான் கொடுக்கறேன் டாக்டர்."

"வேற மருந்து ஏதாவது?"

"ஒண்ணுமில்ல. பம்ளிமாஸ் சாறு மட்டும்தான். அது பழம்தானே?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, மாத்தி வெச்ச கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்கத்தான் இந்த மருந்து. வேலை முடிஞ்சதும் உடம்பு அதைக் கரைச்சு வெளிய அனுப்பணும். அந்தப் பழம் அதைத் தடுத்துடும். மருந்து உள்ளயே சேர்ந்து, அது காப்பாத்த வேண்டிய கிட்னியையே கெடுத்துட்டிருக்கு. மாத்திரைப் பெட்டியில சீட்டு இருந்துச்சே, படிக்கலையா?"

அந்தச் சீட்டைத் தையல் எந்திரம் ஆடாமலிருக்க மடித்து முட்டுக் கொடுத்திருந்தார் தம்பி. இரண்டு வருடமாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்காவின் கை இடுப்புத் தழும்புக்குப் போனது. "நானா? என் கையாலயா?" தம்பி அவளைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளில் மருந்தின் அளவு இறங்கியது, கை நடுக்கமும் நின்றது. சிறுநீரகம் மட்டும் முழுதாகத் தேறவில்லை. கெட்டது கெட்டதுதான் என்றார் மருத்துவர்.

அங்கே ஒரு காலை, பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி கணவருக்கு மாத்திரையோடு பழச்சாறு டம்ளரை நீட்டினாள். அக்கா பாய்ந்து டம்ளரைப் பிடித்தாள்.

"பழச்சாறுதானே, என்ன பண்ணிடப்போகுது?" என்றாள் அந்தப் பெண் திகைத்து.

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். அறுத்துக் கொடுத்த கிட்னியை ஆசையா சாறு ஊத்தி ஊத்தி நானே கெடுத்தேன். எந்த மாத்திரையோட எதைச் சாப்பிடலாம், எது ஆகாதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கேக்காம ஒரு வாய்கூடக் கொடுக்காதீங்க. பாசம் இருந்தா மட்டும் போதாது, தெரிஞ்சுக்கவும் வேணும்."