நாலாவது டப்பா

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று டப்பாக்கள் உண்டு. பச்சை மூடி ஈரக்குப்பைக்கு. அது பால்கனித் தொட்டியில் உரமாகும். நீல மூடி பழைய பேப்பருக்கு. சிவப்பு மூடி பாட்டில், தகரம், கண்ணாடிக்கு. இந்த மூன்றிலும் அடங்காத மிச்சம் மீதிக்கு, கதவுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிப்பை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பையைக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் எழுதுவேன். அட்டையின் தலையில், ஜனவரி முதல் தேதி நானே கொட்டை எழுத்தில் எழுதியது: "ஆட்கள்: 3. இலக்கு: வாரம் கால் கிலோவுக்குள்."

நான் ஒரு மருந்து கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எதையும் பிரித்து, லேபிள் ஒட்டி, அடுக்கி வைப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் செடிக்கு. பல் துலக்க மூங்கில் பிரஷ். கடைக்குப் போனால் துணிப்பை. பிளாஸ்டிக் பை மூன்று வருஷமாக எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் கீழே இறக்கும் ஒவ்வொரு குப்பைப் பையிலும் கதவு எண் எழுத வேண்டும் என்ற சட்டத்தைச் சங்கத்தில் சண்டை போட்டுக் கொண்டுவந்ததும் நான்தான். அதற்குப் பிறகு வாட்ச்மேன் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். மரியாதையா பயமா என்று நான் விசாரித்ததில்லை.

என் கணவர் எனக்கு வைத்த பெயர் குப்பை இன்ஸ்பெக்டர். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவருக்கு, வீட்டில் நான் ஓட்டும் வண்டிக்கு மட்டும் பிரேக் போடத் தெரியவில்லை. "நம்ம வீட்ல தும்மறதுக்குக்கூட எந்த டப்பான்னு கேட்டுட்டுத் தும்மணும்" என்பார். எங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு. தராசு முள்ளைப் படித்துச் சொல்லும் உத்தியோகம் அவளுடையது.

இந்த வீட்டுக்குத்தான் என் மாமனார் ஒரு மாதத்துக்கு முன்னால் வந்தார்.

மாமா முப்பத்தைந்து வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அத்தை போன பிறகு தனியாகத்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ப்ராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. "எல்லாம் சரியாயிடுச்சு" என்றார், நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, பால்காரர் கதவைத் தட்டும்வரை எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். என் கணவர் அன்றைக்கே கிளம்பிப் போய், ஒரு சூட்கேஸோடு அவரை அழைத்து வந்துவிட்டார். இனிமேல் அவரைத் தனியாக விடுவதில்லை என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தோம்.

வந்த அன்றைக்கே நான் அவருக்குச் சமையலறையைச் சுற்றிக் காட்டினேன். எந்த மூடி எதற்கு என்று ஒப்பித்தேன். துணிப்பையையும் தராசையும் காட்டினேன்.

"இதுல வாரத்துக்கு இருநூறு கிராம்தான் மாமா விழும். நாலாவது டப்பாவே இந்த வீட்ல கிடையாது."

மாமா அந்தப் பையையே கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பை.

"வேற ஏதாவது இருந்தா எங்கம்மா போடறது?"

"வேற எதுவும் இருக்காது மாமா" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

மாமா மாதிரி ஒரு சமத்து இந்த உலகத்தில் கிடையாது என்றுதான் அடுத்த மூன்று வாரமும் எனக்குத் தோன்றியது. தினமும் காலையில் நடக்கப் போவார். போகும்போது மறக்காமல் கடைக்கு எடுத்துப்போகும் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். திரும்பி வரும்போது ஒரு கட்டுக் கொத்தமல்லியோ நாலு எலுமிச்சம்பழமோ இருக்கும். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய் வருவாராம். போக மட்டும் இரண்டு கிலோமீட்டர். "பழகின இடம்மா" என்பார். நான் என் கணவரிடம் குத்திக் காட்டாத நாளில்லை.

"உங்கப்பாவைப் பாத்துக் கத்துக்கோங்க. இந்த வயசுல பை இல்லாம வாசலைத் தாண்டறாரா பாருங்க."

"அவர் ரிட்டயர் ஆனவர். அவருக்கு நேரம் இருக்கு" என்பார் இவர்.

"பை எடுக்கறதுக்கு எத்தனை மணி நேரம் ஆகுது?"

அந்த மூன்று வாரமும் கதவுக்குப் பின்னால் தொங்கும் குப்பைப் பையின் எடை ஏறவேயில்லை. வீட்டில் ஒரு ஆள் கூடியும் இருநூற்றுப் பத்து கிராம்தான் என்று சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கினேன். இப்போது அதை நினைத்தால் காது சுடுகிறது.

நாலாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்கிற மழையில்லை. நாள் கணக்காக ஊற்றியது. மாமா நடக்கப் போகவில்லை. ஜன்னல் அருகில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு ஒரு டிக்கெட் போட்டுடுப்பா. நான் வீட்டுக்குப் போறேன்."

என் கணவர் திகைத்துப்போனார். "அங்க யாருப்பா இருக்கா? மறுபடி விழுந்தா யார் பாப்பா?"

"பாத்து நடந்துக்கறேன்."

"ஏன் தாத்தா, இங்க பிடிக்கலையா?" என்று என் மகள் கேட்டாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்கு கண்ணு" என்றார். ஆனால் பிடிவாதத்தை விடவில்லை; வேறு வழியில்லாமல் என் கணவர் டிக்கெட் போட்டார்.

அறைக்குள் போனதும் என் கணவர் என்னைத்தான் பிடித்தார். "நீ ஏதாவது சொன்னியா?" நான் என்ன சொன்னேன்? குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் கழுவ வேண்டாம் என்று ஒருநாள் சொல்லியிருந்தேன். பகலில் லைட் வேண்டாமே என்றும் ஒருநாள். அதற்காகவா ஒருவர் வீட்டை விட்டுப் போவார்? எனக்கு வருத்தமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வந்தது, அது என் சுபாவம்.

போதாக்குறைக்கு வீட்டில் ஒரு வாடை வேறு. உரத்தொட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாக முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறினேன். தொட்டியில் ஒரு குறையுமில்லை; மழை மண் மாதிரிதான் மணத்தது. அப்படியும் விடாமல், "மீன் முள்ளைப் போட்டீங்களா?" என்று என் கணவரைக் குடைந்தேன். நீல டப்பாவில் பழைய பேப்பர் குறைந்திருந்தது. அதற்கும் அவரையே குற்றவாளியாக்கினேன். "பேப்பரை நான் என்ன தின்னவா செய்யறேன்?" என்று அவர் கத்தினார். மாமா அவர் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டது. பயணத்துக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்ளட்டும் என்று என் கணவர் மாமாவைக் காரில் கூட்டிப்போனார், மகளும் தொற்றிக்கொண்டாள். நான் மாமாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு, சூட்கேஸில் வைத்துவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். சூட்கேஸ் அலமாரி மேல் இருந்தது. இறக்கும்போது கை இழுத்தது. கொடியில் காய்வது போக அவருக்கு இருப்பது நாலே சட்டை. பிறகு எது இந்தக் கனம் கனக்கிறது?

ஜிப்பைத் திறந்தேன்.

உள்ளே வரிசையாகப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் மூலை மடித்து, நூல் கட்டி, அத்தனை ஒழுங்காக இருந்தது. மேலே முகப்பவுடர் தூவியிருந்தது. பவுடரையும் மீறிக்கொண்டு, நான் முந்தின நாள் உரத்தொட்டியில் தேடிய வாடை. ஓரத்தில் பாதி காலியான ஒரு பாக்கெட் இருந்தது. பெரியவர்களுக்கான டயப்பர்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தினமும் காலையில் அவர் கக்கத்தில் போன துணிப்பையில் என்ன இருந்தது என்று இப்போது தெரிந்தது. கீழே இருக்கும் பெரிய குப்பைத்தொட்டியில் போடக் கதவு எண் எழுத வேண்டும். அந்தச் சட்டம் என்னுடையது. சமையலறையில் போட இடமில்லை. அந்தப் பெருமையும் என்னுடையது. அதனால் எழுபத்தாறு வயது மனுஷன், விழுந்து எழுந்த இடுப்போடு, ஸ்டேஷன் குப்பைத்தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு, வெறும் பையோடு வந்தால் சந்தேகம் வருமே என்று கொத்தமல்லி வாங்கி வந்திருக்கிறார். வேற ஏதாவது இருந்தா எங்கம்மா போடறது? கேட்டாரே! வந்த முதல் நாளே கேட்டாரே! நான் என்ன பதில் சொன்னேன்?

எனக்கு அழுகை வந்தது. என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரமும் வந்தது. துணியில் தைத்துக் கொடுத்துவிடலாமா, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாமே என்று நடுவில் ஒரு யோசனை எட்டிப் பார்த்தது. "சும்மா இருடி" என்று வாய்விட்டே சொல்லி அதை விரட்டினேன்.

பொட்டலங்களைத் தொடவில்லை. ஜிப்பை மூடி, பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, கீழே கடைக்கு ஓடினேன். காலால் மிதித்தால் மூடி திறக்கும் பெரிய டப்பா ஒன்று, உள்ளே போடக் கறுப்புப் பை ஒரு சுருள்.

கடைக்காரர் கண்ணைச் சுருக்கினார். "அக்கா, நீங்களா பிளாஸ்டிக் பை கேக்கறீங்க? நான் பை குடுத்தேன்னு போன மாசம் அரை மணி நேரம் திட்டினீங்களே?"

"திட்டினேன். இப்ப குடுங்க."

டப்பாவை மாமாவின் பாத்ரூமில் வைத்தேன். எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவிலிருந்து கரண்ட் பில் கவர் வரை லேபிள் இல்லாத பொருள் கிடையாது. இதற்கு மட்டும் ஒட்டவில்லை.

அவர்கள் திரும்பி வந்தார்கள். மாமா நேராகப் பாத்ரூமுக்குப் போனார். நான் சமையலறையில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றேன். மிதிக்கட்டை அமுங்கி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் அதே சத்தம். உள்ளே எதுவும் விழுகிற சத்தம் மட்டும் இல்லை. திறந்து திறந்து பார்த்திருக்கிறார்.

சமையலறை வாசலில் வந்து நின்றார். புதிதாக வெட்டிய முடியில் ஏனோ சின்னதாகத் தெரிந்தார்.

"பாத்துட்டியாம்மா?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். வரவில்லை. "ஆமா மாமா. சட்டை வைக்கத்தான் திறந்தேன்."

தலையை ஆட்டினார். "விழுந்ததுக்கு அப்புறம் சுத்தமா அடங்கறதில்ல. இவ்வளவு சுத்தமா வச்சிருக்கற வீட்ல..." என்று நிறுத்திக்கொண்டார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டிக்கெட் இல்லாம ஏறினவங்களை எவ்வளவு பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சாலும் அவங்க வெளிய வேடிக்கை பாக்க மாட்டாங்கம்மா. அடுத்த ஸ்டேஷன் எப்ப வரும், எப்ப இறங்கலாம்னே இருப்பாங்க. இங்க எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"மாமா, தப்பு என்னுதுதான். போகாதீங்க மாமா" என்றேன். வெங்காயத்தின் மேல் பழி போட முடியாத அளவுக்கு அழுதேன்.

"பாக்கலாம்மா. அவன்கிட்ட சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லவில்லை. டிக்கெட்டும் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தராசைக் கழற்றி அலமாரிக்குள் போட்டேன். அட்டையைக் கிழிக்கக் கை வைத்தபோது, பின்னால் மாமாவின் குரல் கேட்டது.

"தராசு எங்கம்மா?"

கையில் கறுப்புப் பை. வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். பொட்டலங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன என்று அதன் பருமனே சொன்னது.

"இனிமே எடையெல்லாம் வேண்டாம் மாமா."

"ஏன் வேண்டாம்? ஞாயித்துக்கிழமை போடறதுதானே? எடு."

எடுத்துக் கொடுத்தேன். அவரே கதவுக் கொக்கியில் தராசை மாட்டினார். முதலில் துணிப்பை, பிறகு அதன் மேலேயே கறுப்புப் பை. சத்தம் கேட்டு என் கணவர் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றார். மகள் ஓடி வந்தாள்.

"என்ன தாத்தா இது, இவ்ளோ பெருசா?"

"தாத்தாவுக்கு ஒண்ணுக்கு அடக்க முடியறதில்ல கண்ணு. பாப்பாக்களுக்குப் போடற மாதிரி ஒண்ணு போட்டுக்கறேன். அதுதான் இது." மகளைப் பார்த்துச் சொன்னாலும் மகனுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

என் கணவர் பிரஷ்ஷை எடுக்கவுமில்லை, துலக்கவுமில்லை. மகள் மட்டும், "ஓ" என்று சொல்லிவிட்டுத் தன் உத்தியோகத்தைப் பார்த்தாள். "மூணு கிலோ நூறும்மா! அம்மா, நாம தோத்துட்டோமா?"

"இல்லடி" என்றேன். அட்டையில் 3.100 என்று எழுதினேன்.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டை அருகில் வந்தார். ரயிலில் பயணிகள் பட்டியலைப் பார்ப்பவர் மாதிரி விரலை வைத்து மேலிருந்து படித்தார். விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

"ஆட்கள் மூணுன்னு போட்டிருக்கு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவர் வந்து ஒரு மாதம். நாலு வாரம் அதன் கீழே எடை எழுதியிருக்கிறேன்.

"முப்பத்தஞ்சு வருஷம் தலை எண்ணினவன்மா நான்" என்றார். "இந்த வீட்ல நாலு இருக்கு."

மூன்றை அடித்துவிட்டு நாலு என்று எழுதினேன். மாமா அதைச் சரிபார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே என் கணவரிடம் திரும்பினார்.

"வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து, அந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுப்பா."