சுவருக்கு மேலே போன வயர்

சூரியன் ஊருக்கெல்லாம் பொது என்பார்கள். ஷைஜாவின் வீட்டு மாடியில் விழுகிற வெயில் மட்டும் குவைத்தில் இருக்கிற அவள் கணவன் ஜெபிஷுக்குச் சொந்தம். மொட்டை மாடி முழுக்க சோலார் பலகை, ஏணிப்படிக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பேட்டரி, ஷெட்டில் கறண்டில் ஓடுகிற நீலக் கார். பலகையிலிருந்து காருக்குக் கறண்டு போகும். வேண்டுமென்றால் காரிலிருந்து வீட்டுக்கும் திரும்பி வரும். கொச்சியிலிருந்து ஆள் வரவழைத்து ஜெபிஷ் செய்த வேலை இது. ஆனால் இத்தனைக்குமான சாவி அவன் போனுக்குள் இருந்தது. மேகம் மூடிய நாளில் ஷைஜா வாஷிங் மிஷினைப் போட்டால் போதும், துணி நனைவதற்கு முன்பே அங்கிருந்து அழைப்பு வந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று அவள் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

அந்தச் சிரிப்பு ஐப்பசி மழையில், ஒரு செவ்வாய்க்கிழமை, அடியோடு போயிற்று. பக்கத்து வீட்டுச் செல்வதாஸ் காலையில் பால் கறக்கப் போனவர் மாட்டுத் தொழுத்திலேயே சாய்ந்துவிட்டார். திருவட்டாறில் டாக்டர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். செல்வதாஸ், ஜெபிஷின் ஒரே அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஏழடிச் சுவர் ஒன்று உண்டு. ஒன்பது வருடமாக அண்ணனும் தம்பியும் பேச்சில்லை.

சண்டை சொத்துக்காக அல்ல. அப்படி இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன் அவர்களின் அப்பா இறந்ததும் இதே போன்ற மழைக்காலத்தில்தான். ஜெபிஷ் வருகிற வழியில் அடுத்த விமானம் கிடைக்காமல் ஷார்ஜாவில் மாட்டிக்கொண்டான். இங்கே கம்பம் சாய்ந்து கறண்டு போய், வாங்கி அடுக்கிய ஐஸ் எல்லாம் தண்ணீராக ஓடிற்று. செல்வதாஸும் போதகரும் கலந்து பேசி உச்சிப் பொழுதிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். நாலு மணிக்கு ஜெபிஷ் வந்து இறங்கியபோது கல்லறைத் தோட்டத்தில் ஈரமண்தான் இருந்தது. நாலு மணிக்கூர் காத்திருக்க முடியாதா என்று அவன் கேட்டான். தூக்கமில்லாமல் கண் சிவந்து நின்ற செல்வதாஸ், அப்பாவை நாற விடச் சொல்லுகிறாயா என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் எழும்பியதுதான் அந்தச் சுவர்.

இப்போது செல்வதாஸின் மகள் பிரீனா அயர்லாந்தில் நர்ஸ். எப்படிப் பறந்து வந்தாலும் வியாழக்கிழமை காலையில்தான் திருவனந்தபுரத்தில் இறங்க முடியும். அதுவரை வைத்திருக்கலாம் என்று மத்தியாஸ் ஃப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்து செல்வதாஸைக் கிடத்தினான். ஊரில் எந்தச் சாவு வீட்டுக்கும் பெட்டி கொண்டுவருகிறவன் அவன்தான். மதியம் இரண்டு மணிக்கு ஆயினி மரம் ஒன்று லைன் மேலே விழுந்து நாலு ஊருக்குக் கறண்டு போயிற்று. சரிசெய்ய இரண்டு நாளாகும் என்று கறண்டு ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மத்தியாஸின் ஜெனரேட்டர் வேறொரு சாவு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் கொண்டு வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, செல்வதாஸின் மனைவி ஜெபகனி நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள வந்த மனுஷன இனி ஒரு வாட்டிதான் வெளியே எடுக்க விடுவேன்," என்றாள்.

"அப்பம் நாளைக்கு காலத்தேயே எடுத்திரணும் அக்கா. கறண்டு இல்லேண்ணா இது வெறும் கண்ணாடிப் பெட்டிதான்," என்றான் மத்தியாஸ்.

பிரீனா அப்பன் முகத்தைப் பார்ப்பாளா மாட்டாளா என்பது அந்த இடத்தில் வந்து நின்றது. ஷைஜா யாரிடமும் கேட்கவில்லை. தன் வீட்டு அடுக்களையில் பிளக்கைச் செருகி, மத்தியாஸ் கொடுத்த வயரைச் சுவருக்கு மேலே எறிந்தாள். அந்தப் பக்கம் பெட்டி உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. கண்ணாடியில் மறுபடி பனி படியத் தொடங்கியது.

தன் வீட்டில் ஒரு லைட்டும் ஃபிரிட்ஜும் தவிர எல்லாவற்றையும் அவள் நிறுத்திவிட்டாள். ஜெபிஷுக்கு உடனே விவரத்தை எழுதி அனுப்பினாள். அவன் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. துணி துவைத்தால் கூப்பிடுகிறவன், அண்ணன் செத்ததற்குக் கூப்பிடவில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டட்டுமா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, வேண்டாம் என்று ஒரு சொல் வந்தது.

புதன்கிழமை விடிந்தும் வானம் வெளுக்கவில்லை. பலகைகள் சும்மா நனைந்துகொண்டிருந்தன. உச்சியாகும்போது பேட்டரியில் முப்பத்துமூன்று சதவீதம் காட்டியது. முப்பதுக்கு வந்தால் அது தானாக நின்றுவிடும். அப்படித்தான் ஜெபிஷ் வைத்திருந்தான். காரில் எழுபத்தொன்று இருந்தது. அதை வீட்டுக்குத் திருப்பிவிட்டால் நாளை முழுவதும் தாங்கும். திருப்பிவிடுவதும் அவன் போனில்தான். ஷைஜா விடாமல் அழைத்தாள். ஐந்தாவது அழைப்பில் எடுத்தான்.

"உங்க அண்ணன் கிடக்கிற பெட்டிக்கு நம்ம கறண்டுதான் போவுது. பிரீனா நாளைக்கு வருவா, அவ அப்பனுக்க மொகத்த பாக்கணும். காருல உள்ளத தொறந்து விடுங்க," என்றாள்.



"எனக்க அப்பனுக்க மொகத்த எனக்கு யாரு காட்டினா?" என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

ஷைஜாவுக்குப் பயம் பாதி, வெறுப்பு பாதி. இருபது வருடம் இவனோடு குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடு அறை லைட் அணைந்தது. பிறகு ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. கிணற்று மோட்டாரின் சிவப்புப் பொட்டு மறைந்தது. எங்கோ உட்கார்ந்துகொண்டு அவன் ஒவ்வொன்றாக நிறுத்துகிறான். பழிக்குப் பழி, அதுவும் பிணத்திடம். அவள் குடையைக்கூட எடுக்காமல் கேட்டைத் திறந்து, சேற்றில் வழுக்கி எழுந்து, பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மத்தியாஸ் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தான். நனைந்த கோழி மாதிரி வந்து நிற்கிறவளை ஜெபகனி புரியாமல் பார்த்தாள். ஷைஜா திரும்பி வந்து ஷெட்டுக்குள் போனாள். சுவரில் பதித்த சின்னத் திரையில் காரின் எழுபத்தொன்று எழுபதாகியிருந்தது. சிறிது நேரத்தில் அறுபத்தொன்பது ஆனது. அடுக்களைப் பிளக் ஒன்றைத் தவிர வீடு முழுவதையும் அணைத்துவிட்டு, கார் கறண்டை அந்த ஒரு பிளக்குக்குத் திறந்துவிட்டிருந்தான். அவள் காரின் பானட்டில் கை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கோபம்தான் மிஞ்சியது. இதை ஒரு வாய்வார்த்தையாகச் சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு பிரீனா வந்தாள். செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே ஓடி, கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மத்தியாஸ் மூடியைத் திறந்துவிட்டான். அப்பாவின் நெற்றியைத் தடவி, மீசையைத் தடவி, காதோரத்தில் ஏதோ நெடுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மூன்று மணிக்குப் போதகர் ஜெபம் செய்தார். சவப்பெட்டிக்குள் மாற்றி எடுத்தார்கள். கூட்டம் கல்லறைத் தோட்டத்துக்கு இறங்கியது. மத்தியாஸ் வயரைப் பிடுங்கிச் சுருட்டினான்.

அடுக்களையில் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கல்லறைக்குப் போகத் திரும்பிய ஷைஜாவுக்கு அழைப்பு வந்தது.

"எடுத்தாச்சா?" என்றான் ஜெபிஷ்.

"இப்பத்தான். உங்களுக்கு யாரு சொன்னா?"

"கோடு கீழ விழுந்துட்டு."

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த ஒரு பிளக்கில் எவ்வளவு கறண்டு போகிறது என்று அவன் போனில் ஒரு கோடு ஓடும். இரண்டு நாளாக வேலைக்குப் போகாமல், அறைக்குள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோடு இருக்கிறவரை அண்ணன் வீட்டில் இருக்கிறான் என்று கணக்கு.

"வீடியோவுல காட்டட்டான்னு எத்தன வாட்டி கேட்டேன்," என்றாள் ஷைஜா. "இம்மாந்தூரம் இருந்து கறண்டு அனுப்பத் தெரிஞ்ச ஆளுக்கு ஒரு வாக்கு சொல்லத் தெரியாம போச்சே."

 அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணனுக்க மொகம் எப்பிடி இருந்து?"

பொய் சொல்லித் தேற்றலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் செவ்வாய்க்கிழமை முதல் அவள் கண்ட முகம் ஒன்றுதான். சாவில் கன்னம் ஒட்டி, மூக்கு எடுப்பாகி, வந்தவர்களெல்லாம் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"உங்க அப்பாவப் போலத்தான் இருந்து," என்றாள். "அப்படியே மாமா கிடக்கிறது போல."

அந்தப் பக்கம் போன் எங்கோ விழுந்தது. அங்கிருந்து ஒரு மனிதன் வாய்விட்டு அழுகிற சத்தம் வந்தது. ஷைஜா அவனைத் தேற்றவுமில்லை, அழைப்பைத் துண்டிக்கவுமில்லை. போனைக் காதில் வைத்தபடி மழையில் இறங்கிக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து நடந்தாள்.